சாக்கடையில் ஊற்றியது எங்கே போகிறது?

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ தண்ணீர் கெட்டுப்போவதைப் பற்றிப் பேச்செடுத்தால், அது உடனே மணலி ஆலைகளின் புகைபோக்கிகளையும் எண்ணூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலையும் நோக்கிப் போய்விடும். அந்தக் கோபத்துக்குத் தக்க காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, வலைகளிலும் படகுகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கறுப்பாக ஒட்டிக்கொண்டதைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. ஆனால், இதே பேச்சுகளில் மூன்று நம்பிக்கைகளும் சேர்ந்தே வருகின்றன: வீட்டில் ஊற்றுவதெல்லாம் கொடுங்கையூர்க் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சுத்தமாகிவிடும், நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டால் ஆசிட்டின் வீரியம் போய்விடும், இயற்கைப் பொருள் என்றால் கெடுதல் இல்லை. மூன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் அவை இவ்வளவு காலம் நிலைத்திருக்கின்றன. அந்த உண்மை எதுவரை செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை இந்தக் கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்குகிறது.

தெருவில் இருப்பது ஒரு சாக்கடை இல்லை, இரண்டு

நம் பேச்சு வழக்கில் அழுக்குத் தண்ணீர் ஓடும் எல்லாமே சாக்கடைதான். சென்னைத் தெருக்களின் அடியிலோ இரண்டு தனித்தனி அமைப்புகள் ஓடுகின்றன. கழிவறை, குளியலறை, சமையலறைத் தண்ணீரை நிலத்தடிக் குழாய்களில் வாங்கி, நீரேற்று நிலையங்கள் வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்வது பாதாளச் சாக்கடை. இதைச் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் பராமரிக்கிறது. சாலையில் விழும் மழையை வாங்கிக் கால்வாயில் விடுவதற்காகச் சாலையோரம் மாநகராட்சி கட்டுவது மழைநீர் வடிகால். நடைபாதையை ஒட்டி, சிமெண்ட் பலகை மூடியும் இடையிடையே இரும்புச் சல்லடையும் வைத்து நீளமாகப் போவது இதுதான்.

இந்த இரண்டாவதன் மறுமுனையில் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் கிடையாது. பெரம்பூர், புளியந்தோப்புப் பக்கத்து வடிகால்களின் தண்ணீர் ஓட்டேரி நல்லா என்ற ஓடைக்கும், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கத்துத் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் போகிறது. இரண்டும் பக்கிங்காம் கால்வாயில் சேர்கின்றன. அந்தக் கால்வாய் வடக்கே எண்ணூர் கழிமுகத்தை அடைகிறது. கடைவாசலைக் கழுவி, பினாயில் கலந்த தண்ணீரைத் துடைப்பத்தால் சல்லடைக்குள் தள்ளுகிறவர் அதைச் சாக்கடையில் விட்டதாக நினைக்கிறார். உண்மையில் அவர் அதை ஏறத்தாழ நேராகக் கால்வாயில் விட்டிருக்கிறார். வீட்டுக் கழிவுக் குழாயையே முறைகேடாக மழைநீர் வடிகாலில் இணைத்துவிடும் பழக்கமும் நம் ஊரில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் கழிவறையில் ஊற்றுவதும் கொடுங்கையூரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னதன் சாரம்: வீட்டுக்குள் இருக்கும் குழாய்வாய் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும், சாலையோரச் சல்லடை கால்வாய்க்கும் வழி. ஒரே திரவத்தை எதில் ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்து அதன் பயணம் முழுவதும் மாறிவிடுகிறது.

குழம்பில் விழுந்த உப்பு

அரிசியில் கல் இருந்தால் முறத்தில் புடைத்தோ கையால் பொறுக்கியோ எடுத்துவிடலாம். குழம்பில் உப்பு கூடிவிட்டால் பொறுக்க முடியாது. தண்ணீர் ஊற்றினால் கரிப்புக் குறையும், ஆனால் போட்ட உப்பு ஒரு சிட்டிகை கூடக் குறையாமல் அப்படியே பாத்திரத்தில் இருக்கும். 10 கிராம் உப்பை 1 லிட்டரில் கரைத்தாலும் 100 லிட்டரில் கரைத்தாலும் இருப்பது 10 கிராம்தான். மாறுவது செறிவு, அதாவது ஒரு லிட்டர் நீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்ற கணக்கு.

செறிவைக் குறைப்பது வீண் என்று சொல்ல முடியாது. அமிலம் போன்றவற்றின் உடனடிக் கடுமை தண்ணீரில் தணிந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், ஒரே கால்வாயில் ஆயிரக்கணக்கான வீடுகளும் கடைகளும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கும்போது மொத்த அளவு ஏறிக்கொண்டே போகிறது; நாம் ஊற்றிய கூடுதல் தண்ணீரோ கடலில் கலந்தும் ஆவியாகியும் போய்விடுகிறது. மேலும், கலந்தபின் பிரிப்பதற்கு ஆகும் செலவும் உழைப்பும், நீர்த்துப்போன அளவுக்கு ஏற்பக் கூடும். ஒரு டம்ளர் பழைய எஞ்சின் ஆயிலை டம்ளரிலேயே வைத்திருந்தால் அது விலைபோகும் பொருள். பக்கிங்காம் கால்வாயில் கலந்தபின் அதை மீட்க உலகத்தில் யாரிடமும் மலிவான வழி இல்லை.

கொடுங்கையூரில் வேலை செய்வது யார்?

சுத்திகரிப்பு நிலையம் என்றதும் பலர் மனத்தில் தோன்றுவது பெரிய வடிகட்டி. குப்பையைத் தடுக்கும் கம்பிவலைகளும் மணல் படியும் தொட்டிகளும் அங்கே இருக்கின்றன என்றாலும், முக்கிய வேலையைச் செய்வது பாக்டீரியாக்கள். இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து வைத்த மாவை இரவோடிரவாகப் பொங்கவைப்பது அதிலுள்ள நுண்ணுயிர்கள்தான். அந்த மாவில் ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் காலையில் என்ன கிடைக்கும் என்று எந்த வீட்டிலும் சொல்லிவிடுவார்கள். கழிவுநீர்த் தொட்டியிலும் இப்படித்தான். காற்றை ஊதி ஆக்சிஜன் கொடுத்து வளர்க்கப்படும் கோடானுகோடி பாக்டீரியாக்கள், நீரில் கரைந்திருக்கும் மலம், சோறு, சோப்பு போன்ற கரிமப் பொருள்களைத் தின்று பெருகி, பிறகு கொத்துக் கொத்தாக அடியில் படிகின்றன. இதற்கு உயிரிவழிச் சுத்திகரிப்பு என்று பெயர். அடியில் படிந்த சேற்றைக் கசடு என்பார்கள்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். முதலாவது, பாக்டீரியாவைக் கொல்வதற்கென்றே தயாரிக்கப்பட்டவற்றை அளவுக்கு மீறி அனுப்பினால், தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டிய வேலையாட்களையே கொல்கிறோம். நகரத்தின் பெரிய குழாய்ப்பின்னலில் இந்தத் தாக்கம் தணிந்துவிடக்கூடும். பாதாளச் சாக்கடை எட்டாத இடங்களில் வீட்டுக்கு அடியிலுள்ள செப்டிக் டேங்கில் அது நேராகத் தெரியும். இரண்டாவது, பாக்டீரியா தின்னாததை இந்த முறை அகற்றாது. காரீயம், குரோமியம், நிக்கல், பாதரசம் போன்ற கன உலோகங்கள், அதாவது சிறிதளவிலேயே உடலுக்குத் தீங்கு செய்யக்கூடிய அடர்த்தியான உலோகங்கள், பாக்டீரியாக்களுக்கு உணவு ஆவதில்லை. அவற்றில் ஒரு பங்கு கசடில் ஒட்டிக்கொள்ளும், மறுபங்கு வெளியேறும் நீரோடு போய்விடும். உலோகம் ஏறிய கசடை வயலுக்கு எருவாகக் கொடுக்கவும் முடியாது.

கொடுங்கையூரில் சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை மேலும் நுண்சவ்வுகள் வழியாக அழுத்தித் தூய்மையாக்கி, மணலி, மீஞ்சூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஆலை 2019 முதல் இயங்குகிறது; அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். குடிப்பதற்குரிய நீரைத் தொழிற்சாலைகள் உறிஞ்சாமலிருக்க இது நல்ல ஏற்பாடு. நம் குளியலறைத் தண்ணீர் மணலியில் மறுபடியும் வேலைக்குப் போகிறது என்று நினைக்கும்போது எனக்கு ஒரு சின்ன வியப்பு உண்டு. அந்தச் சவ்வுகளுக்கும் எண்ணெயும் பெயிண்டும் பகைதான். அவை படிந்தால் சவ்வு அடைத்துக்கொள்ளும்.

சுருக்கமாகச் சொன்னால், சுத்திகரிப்பு நிலையம் மனிதக் கழிவையும் உணவுக் கழிவையும் கையாளக் கட்டப்பட்டது. பட்டறைக் கழிவையும் மருந்துக் கழிவையும் அதனிடம் ஒப்படைப்பது, இட்லிப் பானையில் இரும்பைப் போட்டு வேகும் என்று காத்திருப்பதைப் போன்றது.

எது சிதையும், எது தங்கும்

வேதிப்பொருள் என்றாலே ஒரே விதமாக அஞ்சுவது பயன் தராது. தண்ணீரில் விழுந்தபின் அது எவ்வளவு காலம் அதுவாகவே இருக்கும் என்ற கேள்விதான் முக்கியம்.

பிளீச்சிங் பவுடர் கடுமையானது, ஆனால் அழுக்கோடு வினைபுரிந்து விரைவில் தீர்ந்துவிடுகிறது. பெரும்பகுதி சாதாரண உப்பு வகைகளாக மாறும், சிறு பகுதி குளோரின் ஏறிய வேறு சேர்மங்களாகத் தங்கும். வாரத்துக்கு ஒருமுறை ஒரு கரண்டி போடுகிறவர் குற்ற உணர்வு கொள்ளத் தேவையில்லை. தினமும் கால் வாளி போடுகிறவர் யோசிக்கலாம். இங்கே தண்ணீரைவிட அவசரமான எச்சரிக்கை ஒன்று உண்டு: பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒன்றாகப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சோப்புத் தூளின் உயிர்நாடி பரப்புவினைப் பொருள் எனப்படும் மூலக்கூறு. அதன் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பற்றிக்கொள்வதால்தான் துணியிலுள்ள பிசுக்குக் கழன்று வருகிறது. கால்வாயில் சோப்புநீர் விழும் இடத்தில் நுரை கட்டுவதும் அதனால்தான். மீனின் செவுள் மேலுள்ள மெல்லிய படலத்துக்கு அது கேடு. இன்றைய சோப்புத் தூள்களில் உள்ளவற்றில் பெரும்பாலானவை பாக்டீரியாவால் சிதைபவை என்பதால், அந்த நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் ஓரளவு நிம்மதி. சல்லடைக்குள் போனால் அந்த நிம்மதி இல்லை.

இயற்கைப் பொருள் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பூந்திக்கொட்டையில் நுரை தருவது சப்போனின் என்ற பொருள். அதுவும் பரப்புவினைப் பொருள்தான், மீனுக்கு நஞ்சும்தான். குட்டைகளில் மீனை மயங்கவைத்துப் பிடிக்கச் சப்போனின் நிறைந்த காய்களை இடித்துப் போடும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. அது விரைவில் சிதைந்துவிடுவதுதான் அதன் நல்ல குணம். அந்தக் குணத்தை மரத்தில் காய்த்ததற்குரிய பெருமையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆர்சனிக்கும் காரீயமும் கூட இயற்கையில் கிடைப்பவையே.

பூச்சிமருந்துகளைப் பற்றி வடசென்னைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். கரப்பான் பூச்சி, கொசு, இறால், நண்டு எல்லாமே கணுக்காலிகள் என்ற ஒரே பெரும் தொகுதியைச் சேர்ந்தவை. நரம்புகள் வேலை செய்யும் விதத்திலும் நெருங்கிய ஒற்றுமை உண்டு. கரப்பானைச் சாகடிக்கும் பைரித்ராய்டு வகை ஸ்பிரே மனிதனுக்கு ஒப்பளவில் தீங்கு குறைந்தது என்பதால்தான் வீட்டில் அனுமதிக்கப்படுகிறது. இறாலுக்கு அந்தச் சலுகை கிடையாது. மிக மிகச் சிறிய செறிவிலேயே அது செத்துவிடும். கழிமுகத்தில் இறால் பிடிப்பவர்களின் பிழைப்புக்கும், பூச்சிமருந்து அடித்த கடைத்தரையை வாளித் தண்ணீரில் கழுவி வடிகாலில் விடுவதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரானது.

கடைசியாக, சிதையவே சிதையாதவை. உலோகங்கள் தனிமங்கள், அவற்றை எரித்தாலும் புதைத்தாலும் கரைத்தாலும் அழிவதில்லை, இடம் மட்டுமே மாறும். பழைய வீட்டுக்கு வெள்ளையடிக்கும் முன் சுரண்டும் எண்ணெய்ப் பெயிண்டில் காரீயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய அடுக்குகள் சுவரில் இன்னும் இருக்கின்றன.

கழிமுகத்தில் என்ன நடக்கிறது

எண்ணூர் கழிமுகம் கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கடலைச் சந்திக்கும் இடம். ஆற்றில் வெள்ளம் வரும் நாட்கள் தவிர, அங்கே நீர் ஒரே திசையில் ஓடிப் போய்விடுவதில்லை. கடல் ஏறும் ஓதத்தோடு உள்ளே வரும், இறங்கும் வற்றத்தோடு வெளியே போகும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் அந்தப் போக்குவரத்தும் குறைந்துவிடும். ஆகவே மேலிருந்து வரும் எண்ணெயும் உலோகமும் பெருமளவு சேற்றில் படிகின்றன. சேற்றைத் துழாவித் தின்னும் புழு, அந்தப் புழுவைத் தின்னும் நண்டு, நண்டைத் தின்னும் மீன் என்று உணவோடு அவையும் ஏறுகின்றன. உடலிலிருந்து எளிதில் வெளியேறாத பொருள் உண்டியலில் விழும் காசு போலச் சேர்ந்துகொண்டே போவதை உயிரித்திரட்சி என்பார்கள். நீரில் அளந்தால் குறைவாகத் தெரியும் பாதரசம் பெரிய மீனின் சதையில் கூடுதலாகக் காணப்படுவது இதனால்தான். தண்ணீர் கலந்து செறிவைக் குறைத்துவிட்டோம் என்ற ஆறுதல் முறியும் இடமும் இதுதான். நாம் நீர்த்துப்போகச் செய்ததை உயிரினங்கள் மறுபடியும் திரட்டிவிடுகின்றன.

பெரிய ஆலைகள் இருக்க, என் வீட்டுப் பாட்டிலா பிரச்சினை?

இந்தக் கேள்வியை நான் எப்போதும் மதிக்கிறேன். பெரிய ஆலைகளின் பொறுப்பை வீட்டுப் பெண்களின் துடைப்பத்தின் மேல் ஏற்றுவது அநியாயம். 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, ஓர் ஆலை கழிவுநீரை வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும்; அதன் குழாய் எங்கே முடிகிறது என்று தெரியும், அங்கே மாதிரி எடுக்கலாம், கேள்வி கேட்கலாம். கேட்டுக்கொண்டே இருக்கவும் வேண்டும். தெருவுக்குத் தெரு இருக்கும் மெக்கானிக் கடை, பெயிண்டிங் பட்டறை, ஸ்கிரீன் பிரிண்டிங் கடை, முலாம் பட்டறை, வீடு ஆகியவற்றின் கழிவு எந்த ஒரு குழாயிலும் முடிவதில்லை. அங்கே மாதிரி எடுக்க யாராலும் முடியாது. எனவே, கலக்கும் முன்பே, பொருள் கையில் இருக்கும்போதே அளவைக் குறைப்பதுதான் வழி. இதற்கு மூலக் குறைப்பு என்று பெயர்.

வீட்டில் இது பெரிய காரியம் இல்லை. தேவைக்கு வாங்குவது, வாங்கியதை அதற்குரிய வேலையிலேயே தீர்ப்பது, மிச்சத்தை ஊற்றாமல் இருப்பது என்ற மூன்றில் அடங்கிவிடும். பாதி பாட்டில் ஆசிட் கிடந்தால் கழிவறைக்கே சிறிது சிறிதாகப் பயன்படுத்தித் தீர்க்கலாம். காலாவதியான மாத்திரை, பழைய பூச்சிமருந்து, உடைந்த டியூப்லைட், மீந்த பெயிண்ட் ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்று தனியாக வகுத்தன. அவற்றை அவற்றின் டப்பாவிலேயே மூடி, மற்ற குப்பையோடு சேர்க்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அப்படிச் சொல்வது முக்கியம், ஏனென்றால் பையைக் கையால் பிரிக்கப்போவது அவர்தான்.

பட்டறையிலும் ஷெட்டிலும்

இங்கேதான் குறைக்க நிறைய இடம் இருக்கிறது, காசும் மிஞ்சும். முலாம் பட்டறையை எடுத்துக்கொள்வோம். நிக்கல் தொட்டியிலிருந்து கொக்கியோடு தூக்கிய சாமானை உடனே அலசுத் தொட்டிக்குக் கொண்டுபோனால், அதில் ஒட்டியிருக்கும் நிக்கல் கரைசல் முழுவதும் அலசல் நீருக்குப் போய்விடும். அதே தொட்டியின் மேலேயே பத்து எண்ணும் வரை பிடித்து வடியவிட்டால், சொட்டுகள் வாங்கிய தொட்டிக்கே திரும்புகின்றன. அவ்வளவுதான். எந்த இயந்திரமும் தேவையில்லை.

அடுத்தது அலசும் விதம். ஒரு பாத்திரத்தில் 100 மில்லி கரைசல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 900 மில்லி நீரை ஒரே முறை ஊற்றிக் கொட்டினால் பத்தில் ஒரு பங்கு மிஞ்சும். அதே 900 மில்லியை 450, 450 என்று இரண்டு முறை பயன்படுத்தினால், முதல் முறையில் ஐந்தரையில் ஒரு பங்காகவும், இரண்டாம் முறையில் மறுபடியும் அதில் ஐந்தரையில் ஒரு பங்காகவும் குறைந்து, ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் அதே அளவு, சுத்தம் மூன்று மடங்கு. முதல் அலசல் நீரைத் தனியாகப் பிடித்து வைத்தால், சூட்டில் ஆவியாகிக் குறையும் நிக்கல் தொட்டிக்கே அதை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யலாம்.

பெயிண்டர்கள் பிரஷ்ஷை முதலில் பழைய செய்தித்தாளில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தின்னரில் கழுவினால் பாதித் தின்னர் போதும். கழுவிய தின்னரை மூடிய டப்பாவில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் வண்ணம் அடியில் படியும். மேலே தெளிந்ததை அடுத்த கழுவலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

லாரி ஷெட்டுகளில் நடப்பதைத் தண்டையார்பேட்டையிலிருந்து மணலி வரை சாலையோரம் எங்கும் பார்க்கலாம். ஒரு கனரக லாரியின் எஞ்சினிலிருந்து ஒரு முறைக்கு 10 லிட்டருக்கு மேல் பழைய ஆயில் இறங்குகிறது. அது பெரும்பாலும் வீணாவதில்லை, விலைக்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கே கொடுக்க வேண்டும் என்று அபாயக் கழிவு விதிகள் சொல்கின்றன. கால்வாய்க்குப் போவது சிந்துவதும், தரை கழுவும் நீரும், உதிரிபாகங்களைக் கழுவிய டீசலும்தான். சிந்தியதன் மேல் மரத்தூளைத் தூவிப் பெருக்கி எடுத்துத் தனியாக வைத்தால் கழுவ வேண்டியதே இல்லை. டீசலைத் தட்டில் வைத்துக் கழுவி, தெளியவிட்டு, மறுபடி பயன்படுத்தலாம். தரை சாலையை நோக்கிச் சரிந்திருந்தால் வாசலில் நான்கு விரல் உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு வரம்பு கட்டிவிட வேண்டும். கொத்தனாருக்கு அரைநாள் வேலை.

எங்கள் தெருமுனையில் உள்ள ஷெட்டில் இதெல்லாம் ஓரளவு ஒழுங்காகவே நடந்தது. ஆனாலும் ஒவ்வோர் ஐப்பசியிலும் முதல் பெருமழை பெய்த காலையில், அவர்கள் வாசலிலிருந்து சல்லடை வரை தண்ணீர் மேல் ஊதாவும் பச்சையுமாக மின்னும். ஆயில் பீப்பாய் திறந்தவெளியில், மூடியில்லாமல், ஏறக்குறைய விளிம்பு வரை நிறைந்து நின்றதுதான் காரணம். மழைநீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் விழுந்த நீர் அடிக்குப் போய், எண்ணெயை மேலே தூக்கியது. பீப்பாய் நிறைந்ததும் வழிந்தது முழுவதும் எண்ணெய், உள்ளே மிஞ்சியதன் அடியில் தண்ணீர். வாங்க வந்தவர் குச்சியை விட்டுப் பார்த்து விலையைக் குறைத்த பிறகுதான் ஷெட்காரர் ஒரு தகரத்தை வெட்டிப் பீப்பாயின் மேல் போட்டு, காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒரு பழைய பிரேக் டிரம்மைத் தூக்கி வைத்தார்.